உரமும் பவரும்

கும்பகோணத்தில் ஏதாவது ஒரு கடைத்தெருவில் காலை பத்து மணிக்கு நின்று காது கொடுத்துக் கேட்டால் போதும். கண்ணாடிக் கடையில் ஒருவர், "போன வருஷத்தைவிட பவர் ஏறியிருக்கு" என்கிறார். பக்கத்து மருந்துக் கடையில் ஓர் அம்மாள், "தம்பி, இது ஐந்நூறு பவரா, அறுநூத்தம்பதா?" என்று மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். பத்திரம் எழுதுபவரின் திண்ணையில், "அண்ணன் துபாய்ல இருக்காரு, தம்பி பேருக்குப் பவர் எழுதிக் குடுத்துட்டாரு" என்று பேச்சு நடக்கிறது. மோட்டார் கடையில், "உங்க போருக்கு இந்தப் பவர் பத்தாது அண்ணே" என்கிறார்கள். பூக்கடைக்காரப் பெண் எந்தக் கோயிலுக்குப் போகிறோம் என்று விசாரித்துவிட்டு, "ரொம்ப பவர்ஃபுல் அம்மன்" என்று சொல்லி ஒரு முழம் கூடப் போடுகிறார்.

ஒரே தெரு, ஒரே சொல், ஐந்து சரக்கு. கண்ணாடியின் பவர் என்பது ஒளியை வளைக்கும் அளவு. மாத்திரையின் பவர் வெறும் எடை. பத்திரத்தின் பவர் இன்னொருவர் சார்பில் கையெழுத்துப் போடும் உரிமை. மோட்டாரின் பவர், குறித்த நேரத்தில் அது செய்து முடிக்கும் வேலை. அம்மனுடைய பவரை வரையறுக்க நான் யார்?

இவற்றில் மாத்திரைப் பவர்தான் ஆளை ஏமாற்றும். காய்ச்சல் மாத்திரையில் 500 என்று போட்டிருந்தால் அது மில்லிகிராம். தைராய்டு மாத்திரையில் 100 என்று போட்டிருந்தால் அது மைக்ரோகிராம். எடையைப் பார்த்தால் பின்னது முன்னதில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் அந்த நூறு 'பவர்' நாள் முழுக்க உடம்பை ஓட்டிவிடுகிறது. எண் பெரிதாக இருந்தால் வலுவும் பெரிது என்று நம் வாய் சொல்கிறது. மருந்து அப்படி வேலை செய்வதில்லை. கடைக்காரருக்கும் இது தெரியும், ஆனால் அவரும் 'பவர்' என்றுதான் சொல்கிறார். அப்படிச் சொன்னால்தான் மாத்திரை வாங்க வந்தவருக்குப் புரிகிறது.

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் அயலூர்க்காரன்தான். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, ஆட்சியாளர்கள் பேசிய பிரெஞ்சு வழியாக உள்ளே வந்தது. அதற்கும் பின்னால் லத்தீனில் இருப்பது 'இயலுதல்' என்ற பொருளுள்ள ஒரு வினை. அந்த மண்ணுக்குரிய பழைய சொற்களான ஸ்ட்ரெங்த், ஸ்ட்ராங் போன்றவை பெரும்பாலும் உடம்பின் உறுதியோடு தங்கிக்கொள்ள, அதிகாரத்துக்கும் ஆட்சிக்கும் வந்தவர்களின் சொல் வாய்த்தது. பின்னாளில் நீராவி எந்திரமும் மின்சாரமும் வந்தபோது அவற்றுக்கும் அந்தச் சொல்லே போனது. தமிழில் 'வல்' என்ற வேர் இந்த இரண்டையும் தன்னிடமே வைத்திருந்தது. வல்லவன் வலுவுள்ளவனும் ஆவான், இயன்றவனும் ஆவான். வல்லுநர் என்றால் தெரிந்தவர், வல்லரசு என்றால் பெரிய நாடு. ஆக, பவருக்குச் சரியான தமிழ் நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தும் தெருவில் பவர் நிற்கிறது.

அரசாங்கத் தமிழ் சும்மா இருக்கவில்லை. பவர்லூமை விசைத்தறி ஆக்கியது. நாகப்பட்டினத்து மீனவர்களின் எந்திரப் படகு விசைப்படகு ஆனது. பவர்கட் மின்வெட்டு. கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணின் பவர் அடுக்கு. பத்திரத்தில் அதிகார ஆவணம். எந்திரத்தில் குதிரைத்திறன். ஓர் ஆங்கிலச் சொல்லை ஆறேழாகப் பிரித்து இடத்துக்கு ஒன்று வைத்தார்கள், அதுவும் நன்றாகவே வைத்தார்கள். விசைப்படகும் விசைத்தறியும் மக்கள் வாயில் தங்கிவிட்டன. மின்வெட்டு செய்தித்தாளில் தங்கியது. 'விசை உழுவான்' மட்டும் எந்த வயலிலும் இறங்கவில்லை; அங்கே இன்றைக்கும் பவர் டில்லர்தான். பத்திரத்துக்கு முன்னொரு காலத்தில் 'முக்தியார்' என்ற பாரசீக வழிச் சொல் இருந்தது. பழைய ஆவணங்களில் பார்க்கலாம். அதுவும் பவருக்கு இடம் விட்டுப் போய்விட்டது.

வட்டார வழக்கைக் கேட்டுக் கேட்டு நான் போட்ட கணக்கு இது: தஞ்சை வட்டாரத்தில் 'பவர்' எல்லா வலுவையும் குறிப்பதில்லை. வெளியிலிருந்து வருவது, எண்ணால் சொல்லக்கூடியது, ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்கக்கூடியது, வேண்டாதபோது நிறுத்தக்கூடியது — அப்படிப்பட்ட வலுவைத்தான் பவர் என்கிறார்கள். உள்ளேயிருந்து ஊறுவதற்கு இன்றும் பழைய சொற்களே. களை எடுத்துவிட்டுக் கரையேறும் ஆத்தா தன் உடம்பைப் பற்றி "பவர் இல்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "தெம்பு இல்ல தம்பி" என்பார். வயலைப் பற்றி, "மண்ணுல சத்து இல்ல" என்பார். கயிற்றுக்கு வலு உண்டு, தூணுக்குத் திடம் உண்டு, நெஞ்சுக்கு உரம் உண்டு. இவற்றில் எதற்கும் பவர் கிடையாது.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று அம்மன், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மற்றது உரம். அதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

அம்மனுக்கு நம் பக்கத்துப் பழைய சொல் 'துடி'. துடியான தெய்வம் என்றால் கூப்பிட்டால் உடனே வரும், தப்புச் செய்தால் உடனே கேட்கும். நாடித்துடிப்பின் துடிதான் இது. உயிரின் வேகம் அதில் இருக்கிறது. 'பவர்ஃபுல்' என்னும்போது அந்த வேகம் போய், வேண்டுதலுக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற அளவு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பரிகாரத் தலங்களுக்கு வெளியூர் வண்டிகளில் வருகிறவர்கள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். உள்ளூர்க் கிழவிகள் இன்னும் துடி என்றுதான் சொல்கிறார்கள்.

உரத்துக்குப் போகும் முன் மோட்டாருக்கு வருவோம். டெல்டாவில் ஃபில்டர் பாயிண்ட் என்ற குழாய்க்கிணறு போட்டிருக்கும் எந்த வயலிலும், கொட்டகைக்குள் பச்சையோ நீலமோ பூசிய ஒரு மோட்டார் இருக்கும். அதன் வயிற்றில் நாலு ஆணி அடித்த சின்னத் தகடு. துடைத்துப் பார்த்தால் 3.7 கிலோவாட், 5 எச்.பி. என்று இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்தை விற்க வேண்டியிருந்தது. வாங்க வந்தவர்களிடம் குதிரைகள் இருந்தன. 'இது எத்தனை குதிரைக்குச் சமம்?' என்பதுதான் அவர்கள் கேட்கக்கூடிய கேள்வி. நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்துவது ஒரு குதிரையின் வேலை என்று அவர் கணக்கு வைத்தார். இன்றைய அளவில் அது 746 வாட். ஆக எச்.பி. என்பது விற்பனைக்காகப் பிறந்த அளவு.

வேடிக்கை என்னவென்றால், காவிரிப் படுகையில் குதிரை ஏர் இழுத்ததே இல்லை. தஞ்சை மராத்தியரின் குதிரைகள் படைக்கும் பவனிக்கும் போனவை. சேற்றில் இறங்கியது மாடும் எருமையும்தான். தொடர்ந்து உழும் ஒரு ஜோடி மாட்டின் வேலை ஒரு எச்.பி.யை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். நம் ஊர்க்காரர் எவரும் 'இது எத்தனை ஜோடி மாட்டுக்குச் சமம்?' என்று கேட்டு மோட்டார் வாங்கவில்லை. தமிழில் குதிரைத்திறன் என்று மொழிபெயர்த்தார்கள், குதிரை பத்திரமாக வந்து சேர்ந்தது. விவசாயி அதையும் எடுத்துக்கொள்ளாமல் 'எச்.பி.' என்ற இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். அதற்குள் குதிரை இருப்பது அவருக்குத் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. எச்.பி.யை வைத்துத்தான் மின்வாரியம் அவரைக் கணக்கிட்டது. 1980-களில் பம்புசெட்டுக்கு மீட்டர் இல்லாமல் எச்.பி. ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்தது. 1990-இல் விவசாயிகள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசம் ஆயிற்று. அதன் பிறகு கேள்வி காசிலிருந்து நேரத்துக்கு மாறியது: மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வரும்? 'மும்முனை' என்பது அருமையான சொல்லாக்கம். அலுவலகத்தில் பிறந்து வரப்பில் வாழ்வது. நள்ளிரவில் மும்முனை வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடியவர்களைக் கேட்டால், பவர் என்றால் என்ன என்று தெளிவாகச் சொல்வார்கள். அது யாரோ எங்கோ திருகும் ஒரு கைப்பிடி.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்ப ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று காசு பிரித்தார்கள். அந்த நாட்களில் எல்லோரும் கேட்டது "கரண்ட் எப்போ வரும்?" என்று, "பவர் எப்போ வரும்?" என்று அல்ல. வீட்டுக்குள் விளக்காக எரிவது கரண்ட். அது வயலில் மோட்டாரைச் சுற்றும்போது எச்.பி. அதை ஒருவர் நிறுத்தும்போதுதான் பவர்கட். ஒரே மின்சாரத்துக்கு மூன்று ஆங்கிலச் சொல், மூன்றும் வேறு வேறு இடத்தில்.

இனி உரம்.

திருக்குறளில் ஊக்கமுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள், ஒருவருக்கு உரம் என்பது உள்ளத்தின் மிகுதி என்கிறது. அது இல்லாதவர் உருவத்தால் மனிதர், உண்மையில் மரம் என்று முடிகிறது. அதே நூலில் உழவு அதிகாரம், ஏர் ஓட்டுவதைவிட எருப் போடுவது நல்லது என்கிறது. முதல் இடத்தில் உரம், இரண்டாம் இடத்தில் எரு. இரண்டும் வேறு வேறு. உரம் மனிதனுக்குள் இருப்பது, எரு மண்ணில் போடுவது. இன்றைக்குத் தஞ்சாவூரில் ஒரு பள்ளிப் பிள்ளையிடம் 'உரம்' என்று சொன்னால் அவனுக்கு முதலில் தோன்றுவது மூட்டை. மனவலிமையைச் சொல்ல 'நெஞ்சுரம்' என்று நெஞ்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தனியாக விட்டால் அது உரக்கடைக்குப் போய்விடும்.

இதேபோலப் பொருள் நழுவிய இன்னொரு சொல் வலி. குறளில் 'வலியறிதல்' என்ற அதிகாரம் உண்டு. செய்யும் வேலையின் வலிமை, தன் வலிமை, எதிராளியின் வலிமை, துணை நிற்பவரின் வலிமை ஆகியவற்றை எடைபோட்டுப் பார்ப்பது பற்றியது. மயிலிறகைக்கூட அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற உவமை அங்கேதான் வருகிறது. இன்று அந்தத் தலைப்பைப் பார்க்கும் ஒருவர் டாக்டரிடம் போவது பற்றி என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலித்தல் என்று படகுக்காரர்கள் சொல்வது அந்த வினைதான். இழுப்பவனுக்கு அது வலிமை, இழுபடும் தசைக்கு அது வலி.

உரத்துக்கு இன்னொரு வீடும் உண்டு, அகராதி பார்க்கிறவர்கள் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பச்சைக் குழந்தை கழுத்தைத் திருப்ப முடியாமல், பால் குடிக்காமல் வீறிட்டு அழுதால் "உரம் விழுந்திருச்சு" என்பார்கள். தலை நிற்காத பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் தூக்கியதால் வந்த சுளுக்கு. ஊருக்கு ஒரு கைராசிக்காரப் பாட்டி இருப்பார். துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய நூல்புடவையை விரித்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடிக்க, நடுவில் குழந்தையைக் கிடத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல உருட்டுவார்கள். உரம் எடுப்பது என்று அதற்குப் பெயர். குழந்தை மருத்துவர்கள் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். கழுத்து நிற்காத பிள்ளையை உருட்டுவது ஆபத்து, அவர்கள் சொல்வதுதான் சரி. ஆனால் சொல்லைக் கவனியுங்கள். உரத்துக்கு மார்பு என்றும் ஒரு பொருள் உண்டு. உடம்பின் நடுவில் நின்று தாங்குவது எதுவோ, அது நிலை பிசகினால் உரம் 'விழுகிறது'. உரம் வெளியிலிருந்து போடுவதல்ல, உள்ளே நிற்பது என்ற பழைய நினைவு இந்த ஒரு வழக்கில் மிச்சமிருக்கிறது.

நிற்பது எப்படிப் போடுவதாக மாறியது? காவிரிப் படுகையில் மண்ணுக்கு வலு சேர்த்த வழிகள் பல. வெள்ளம் கொண்டுவந்து விட்ட வண்டல் முதலாவது. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்த வண்டலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. சணப்பு, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் நேரத்தில் மடக்கி உழுவது இன்னொன்று. அறுவடை முடிந்த கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வந்து கிடை போடுவார்கள். இரவெல்லாம் ஆடு படுத்துக் கிடந்த வயலின் வாசனையே தனி. நிலத்துக்காரர் ஆட்டுக் கணக்குப் பார்த்து ராத்திரிக்கு இவ்வளவு என்று கொடுப்பார். சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவலின் மனிதர்கள் இந்த வாழ்விலிருந்து வந்தவர்கள். வீட்டு எருக்குழியில் மக்கியதை வண்டியில் ஏற்றிப் போவதைக் 'குப்பை அடிப்பது' என்பார்கள்.

1960-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு நடந்த அதை இங்கே பேக்கேஜ் திட்டம் என்றே சொன்னார்கள். நல்ல விதை, ரசாயன உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் ஒரே கட்டாக வந்தன. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், ஜப்பானிய ரகத்தோடு உள்ளூர் ரகத்தை ஒட்டி உருவாக்கிய ஆடுதுறை 27-ஐ 1960-களின் நடுவில் கொடுத்தது. 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் ரகம் வெளியானது.

யூரியா மூட்டை ஒன்று இப்போது 45 கிலோ. அதில் தழைச்சத்து நூற்றுக்கு 46, அதாவது மூட்டைக்கு இருபது கிலோவுக்குச் சற்று மேல். தொழுவத்து எருவில் நூற்றுக்கு அரைதான் தேறும். ஒரு மூட்டை யூரியா கொடுப்பதை எருவால் கொடுக்க நான்கு டன் வேண்டும்; மாட்டுவண்டியில் எட்டுப் பத்து நடை. மூட்டையைத் தோளில் வைத்து வரப்பில் நடந்து ஒரு மணி நேரத்தில் வீசிவிடலாம். ஒரு வாரத்தில் பயிர் பச்சை கட்டிவிடும். அதைக் கண்ணால் பார்த்த விவசாயி அந்த மூட்டைக்கு உரம் என்று பெயர் கொடுத்ததில் ஆச்சரியமில்லை. இதன் மறுபக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. நல்ல பெயர் மூட்டைக்குப் போக, பல வீடுகளில் மாட்டுச் சாணத்துக்கு மிஞ்சியது குப்பை என்ற பெயர். பின்னாளில் அதைத் திரும்ப மதிப்போடு அழைக்க இயற்கை உரம், தொழு உரம் என்று உரத்திடமே கடன் வாங்க வேண்டியதாயிற்று. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்து இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசியதில் பாதி, இந்தப் பெயர்களை இடம் மாற்றி வைக்கும் வேலைதான் என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் காலத்து வேளாண் துறையில் யாரோ ஒரு நல்ல தமிழ்க் காது இருந்திருக்க வேண்டும். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றையும் அப்படியே விவசாயி வாயில் திணிக்காமல் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்றார்கள். முதலாவது தழையை வளர்க்கிறது, அதன் பெயர் தழை. இரண்டாவது மணி பிடிக்க உதவுகிறது, அதன் பெயர் மணி. மூன்றாவது சாம்பலில் இருப்பது. ஆங்கிலப் பொட்டாஷும் சட்டியில் காய்ச்சிய சாம்பல் என்பதிலிருந்து வந்த பெயர்தான். வேதியியல் தெரியாத ஒருவர் இந்த மூன்று சொல்லைக் கேட்டாலே எதை எப்போது போடுவது என்று பாதி ஊகித்துவிடலாம். இதில் 'சத்து' என்ற சொல்லைத் தேர்ந்ததும் சரியான தேர்வு. சத்து பொருளுக்கு உள்ளே இருப்பது, சாறு போல. 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்திலும் அதுதான்.

ஆனால் வயல் வேறொரு பாடமும் வைத்திருந்தது. பழைய உயரமான ரகங்களுக்குத் தழைச்சத்தைக் கூட்டிக் கொடுத்தால் பயிர் கருகருவென்று எழும்பும், தாள் நீளும், தண்டு மெலியும். கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்று, ஒரு மழை. வயல் பாய் விரித்ததுபோலப் படுத்துவிடும். உரம் போட்ட பயிர் உரமில்லாமல் சாய்ந்தது. இதைச் சரிசெய்யத்தான் குட்டை ரகங்கள் வந்தன: குட்டையான, விறைத்த தாள், அதிகச் சத்தைத் தாங்கும் தண்டு. இன்றும் தழைச்சத்து மிஞ்சினால் இலை மிருதுவாகிப் பூச்சியும் நோயும் ஏறும் என்று வேளாண் அலுவலர்கள் எச்சரிக்கிறார்கள். பூச்சி ஏறினால் அடுத்தது 'மருந்து'. அந்த மருந்துக் கடையில்தான் மறுபடி நம் சொல் வந்து நிற்கிறது: "போன தடவை அடிச்சது கேக்கல. இன்னும் கொஞ்சம் பவரா ஏதாச்சும் குடுங்க."

எதிர்த்திசையில் ஓடும் கதை மாப்பிள்ளைச் சம்பா. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை இளவட்டக்கல்லைத் தூக்கிக் காட்ட வேண்டும், அதற்குத் தெம்பு தந்த அரிசி இது என்பார்கள். எந்த ஊர் மாப்பிள்ளை எந்தக் கல்லைத் தூக்கினார் என்று யாரும் காட்டியதில்லை; எனக்கு அந்தக் கதையில் பெரிய நம்பிக்கை கிடையாது. அரிசி சிவப்பு, தவிடு போகாமல் சாப்பிட்டால் நல்லது, அவ்வளவு தெரியும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கட்டிமேட்டைச் சேர்ந்த நெல் ஜெயராமன் இப்படிப்பட்ட 174 பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்து, நெல் திருவிழா நடத்தி விவசாயிகளுக்குக் கொடுத்தார். 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் கொடுத்த விதை வயலுக்குப் போனது. 'தெம்பு' என்ற சொல் மட்டும் சென்னைக் கடைகளில் பாக்கெட்டின் மேல் அச்சேறி விலைக்கு வந்துவிட்டது.

தெம்பும் நம் சொல்தானா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தெலுங்கிலும் தெம்பு உண்டு. அங்கே துணிச்சல் என்று பொருள். தஞ்சையை 1532 முதல் 1673 வரை ஆண்ட நாயக்கர்கள் தெலுங்கு பேசியவர்கள். அவர்களுக்குப் பின் 1855 வரை மராத்தியர். துணிச்சலாகத் தெலுங்கில் இருக்கும் சொல், வரப்பில் உடம்பின் ஊக்கமாக இருக்கிறது. வெளியிலிருந்து வந்த சொல் உள்ளிருக்கும் வலுவைக் குறிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. நானூறு ஐந்நூறு ஆண்டுகள் கொடுத்தால் பவரும் ஆத்தாவின் உடம்புக்குள் போகலாம்.

வலுவை எண்ணிக் கொடுத்து வாங்குவது எச்.பி.யோடு வந்த வழக்கம் என்று இதுவரை எழுதியதை வைத்து யாராவது நினைத்தால் அது தவறு. இந்த மண்ணில் அதற்கு முன்பே ஆள் எண்ணிக்கைதான் பலமாக இருந்தது. இத்தனை வேலி நிலம், இத்தனை ஏர், இத்தனை பண்ணையாள் என்று ஒரு மிராசுதாரின் பலத்தைச் சொன்னார்கள். ஒரு வேலி இருபது மா. மூன்று மாவுக்கு ஓர் ஏக்கர். அந்த வேலிக்கணக்கான நிலத்தைப் புரட்டிய தோள்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினருடையவை. வலு அவர்களுடையது, பலம் என்று பெயர் வாங்கியவர் வேறொருவர். 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் முதலானவர்கள் இங்கே விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டினார்கள். சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுவதும் நிற்க வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று. 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். ஆள்பலம், பணபலம், படைபலம் என்று நாம் அடுக்கும் தொடரில் முதல் சொல்லின் விலை அது. பலம் என்ற சொல்லை இந்த வட்டாரத்தில் எழுதும்போது யாருடைய பலம் என்று சேர்த்து எழுதுவதுதான் நேர்மை.

ஆங்கிலத்திலிருந்து வந்த இன்னொரு வலுச் சொல்லைச் சொல்லாமல் கும்பகோணத்தை விட்டுக் கிளம்ப முடியாது: ஸ்ட்ராங். "ஒரு ஸ்ட்ராங், ஒரு லைட், சர்க்கரை கம்மி" என்று மாஸ்டரிடம் குரல் போகும். அவர் பித்தளை வடிகட்டியிலிருந்து கெட்டி டிகாஷனை டம்ளரில் ஒரு விரற்கடை கூட விட்டு, பாலைத் தூக்கி ஆற்றி, டபராவோடு தள்ளுவார். டிகாஷனுக்கு நம் சொல் கெட்டி. குடிப்பவரின் சொல் ஸ்ட்ராங். உள்ளே காப்பியோடு சிக்கரி இருக்கிறது. நிறத்தையும் கசப்பையும் கனத்தையும் கூட்டுவது சிக்கரி; அதில் காஃபீன் துளியும் கிடையாது. ஆக, நாக்கு ஸ்ட்ராங் என்று மெச்சுவதில் ஒரு பங்கு, நரம்புக்கு எதுவும் செய்யாத வேர்ப்பொடி. மாத்திரையில் எண் ஏமாற்றியதுபோல இங்கே கனம் ஏமாற்றுகிறது. நான் சிக்கரி போட்டதைத்தான் குடிக்கிறேன். ருசி அதில்தான் இருக்கிறது.

இத்தனையையும் எழுதி வைத்த அகராதி எங்கே? சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924-இல் தொடங்கி 1936-இல் ஆறு தொகுதிகளாக முடிந்தது. அப்போது மேட்டூர் அணைக்கு வயது இரண்டு. யூரியா மூட்டையும் ஃபில்டர் பாயிண்டும் மும்முனையும் அதன் பிறகு வந்தவை. அவற்றோடு வந்த சொற்களும், அவற்றால் இடம் மாறிய சொற்களும் வட்டாரத்துக்கு வட்டாரம் பொருள் மாறிக் கிடக்கின்றன. தஞ்சாவூரிலேயே 1981 முதல் தமிழுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே அகராதி வேலை கற்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். நூலகத்தை விட்டு வெளியே வந்து, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையிலும், உரக்கடை வாசலிலும், பத்திரம் எழுதுபவர் திண்ணையிலும், உரம் எடுக்கும் பாட்டியின் வீட்டிலும் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மாதம் உட்காருங்கள். திரும்பி வந்து உரம் என்ற சொல்லுக்கு எதிரே எதை முதலில் எழுதுவது என்ற கேள்வி வரும்போது, இந்த வட்டார வழக்குப்படி மூட்டையை முதலிலும் வலிமையைப் பின்னாலும் போடுங்கள். பவருக்குத் தனிப் பதிவு வேண்டும். குறைந்தது ஐந்து பொருள்.